நியோபியம் நைட்ரைடு மென்படலங்களில் முன்கூட்டியே விழுந்த வளைவு: ஒரு நிகழ்வு ஆய்வு

மீக்கடத்தி (குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்) மென்படலம் ஒன்றைக் குளிர்வித்து, அது காந்தப்புலத்தை எப்படித் தடுக்கிறது என்று அளந்தால், நிலைமாறு வெப்பநிலைக்கு (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) பக்கத்தில் வரும் வளைவு பாடப்புத்தகப் படம் போல ஒருபோதும் இருக்காது. கொஞ்சம் முன்னதாகவே சரியும், முனை மழுங்கியிருக்கும், சில சமயம் மேலே ஒரு வால் நீளும். இதைப் பார்த்ததும் "வெப்ப ஏற்ற இறக்கங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது இந்தத் துறையில் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். பிரச்சினை என்னவென்றால், படலம் ஒரே சீராக இல்லாவிட்டாலும் வளைவு மழுங்கும், வெப்பநிலைமானி பொய் சொன்னாலும் மழுங்கும், அளக்கும் புலம் கொஞ்சம் பெரிதாகப் போனாலும் மழுங்கும். எது ஏற்ற இறக்கம், எது படலத்தின் அல்லது கருவியின் குறை என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு நான் பார்த்த மிகத் தெளிவான பதில், மும்பை கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பிரதாப் ராய்சௌதுரியின் குழு நியோபியம் நைட்ரைடு படலங்களில் செய்த அளவீடுகள். இத்தாலியில் இருக்கும் லாரா பென்ஃபாட்டோ கோட்பாட்டுப் பக்கத்தில் சேர்ந்துகொள்ள, 2011-இல் முடிவுகள் வெளிவந்தன. அந்த வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னணி

மீக்கடத்தும் நிலையை விவரிக்க இரண்டு எண்கள் வேண்டும்: வீச்சு ஒன்று, கட்டம் ஒன்று. எலக்ட்ரான் இணைகள் எவ்வளவு வலுவாக உருவாகியிருக்கின்றன என்பதை வீச்சு சொல்கிறது. அந்த இணைகள் எல்லாம் ஒரே தாளத்தில் இருக்கின்றனவா என்பதைக் கட்டம் சொல்கிறது. நிலைமாற்றத்துக்கு மேலே, மின்தடை இருக்கும்போதே, இணைகள் தற்காலிகமாகத் தோன்றி மறைகின்றன. இதனால் மின்கடத்தல் கொஞ்சம் கூடும் என்பதை 1967-இல் குளோவர் பிஸ்மத் படலங்களில் காட்டினார், அடுத்த ஆண்டே அஸ்லமாசோவும் லார்கினும் அதற்குச் சூத்திரம் கொடுத்தார்கள். 1969-இல் கோலப், பீஸ்லி, நியூபவர், டிங்காம் நால்வரும் பருமனான இண்டியத்தில் நிலைமாற்றத்துக்கு மேலேயும் டயாகாந்த விளைவு (புலத்தை எதிர்த்து வரும் காந்தமாக்கம்) கொஞ்சம் மிஞ்சியிருப்பதை ஸ்க்விட் (மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் மீக்கடத்திக் கருவி) வைத்து அளந்தார்கள். காந்த அளவீட்டில் ஏற்ற இறக்கங்களைத் தேடும் வேலை அங்கிருந்துதான் சூடு பிடித்தது.

மேலே சொன்னதெல்லாம் பெரும்பாலும் வீச்சின் ஆட்டம். மெல்லிய படலத்தில் இன்னொன்றும் நடக்கும். கட்டம் ஒரு புள்ளியைச் சுற்றி முழுச் சுற்று முறுக்கிக்கொண்டால் அது ஒரு சுழல், எதிர்த்திசையில் முறுக்கினால் எதிர்ச்சுழல். வெளிப்புலமே இல்லாவிட்டாலும் வெப்பம் இவற்றை இணை இணையாகப் பிறப்பிக்கும். குறைந்த வெப்பநிலையில் சுழலும் எதிர்ச்சுழலும் ஒன்றையொன்று விடாது. பிரிக்க வேண்டிய ஆற்றல் தூரத்தின் மடக்கையாக ஏறும், தனிச் சுழல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் வரும் என்ட்ரோபியும் அளவின் மடக்கையாகவே ஏறும், அதனால் இந்த இரண்டும் சமமாகும் ஒரு வெப்பநிலையில் இணைகள் மொத்தமாக அறுந்துபோகும். பெரெசின்ஸ்கி 1970-களின் தொடக்கத்தில் சொன்னது, கோஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1973-இல் முழுமையாக்கியது இதுதான். அவர்கள் இருவரும் ஹால்டேனோடு 2016-இல் நோபல் பரிசு பெற்றபோது பெரெசின்ஸ்கி உயிரோடு இல்லை.

இந்தக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1977-இல் நெல்சனும் கோஸ்டர்லிட்ஸும் காட்டியது. இணைகள் அறும் இடத்தில் கட்டத்தின் விறைப்பு (கட்டத்தை முறுக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பது) படிப்படியாகப் பூச்சியமாகாமல், ஒரு குறிப்பிட்ட மதிப்பிலிருந்து ஒரே குதியாகக் கீழே விழும். அந்த மதிப்பு பொருளைப் பொறுத்ததே அல்ல. விறைப்பை வெப்பநிலை அலகில் எழுதினால், அந்த இடத்தில் அது வெப்பநிலையின் 2/பை மடங்கு. ஹீலியமோ அலுமினியமோ, எல்லாவற்றுக்கும் அதே எண். 1978-இல் பிஷப்பும் ரெப்பியும் ஹீலியப் படலத்தில் அந்தக் குதியை அளந்துவிட்டார்கள்.

மின்னூட்டம் உள்ள மீக்கடத்தியில் இது நடக்காது என்றுதான் முதலில் நினைத்தார்கள். மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும், அந்தப் புலம் சுழல்களுக்கு இடையிலான ஈர்ப்பைக் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் நலிவடையச் செய்யும், மடக்கை அங்கேயே நின்றுவிடும் என்பது வாதம். 1979-இல் பீஸ்லி, மூய், ஒர்லாண்டோ மூவரும் அந்தத் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்றார்கள். 1964-இல் பெர்ல் கொடுத்த நீளம் அது: ஊடுருவல் ஆழத்தின் (காந்தப்புலம் மீக்கடத்திக்குள் எவ்வளவு தூரம் நுழைகிறது என்பதன்) இருபடியை இரண்டால் பெருக்கித் தடிமனால் வகுக்க வேண்டும். விறைப்பும் இந்த நீளமும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்பதால், குதி நடக்கும் இடத்தில் பெர்ல் நீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரைக் கெல்வினில் சொன்ன வெப்பநிலையால் வகுத்தது என்று வரும். 8 கெல்வினில் நிலைமாறும் படலத்துக்கு இது சுமார் 2.5 மி.மீ. நியோபியம் நைட்ரைடில் ஒரு சுழலின் கருவோ (நடுவில் மீக்கடத்தல் அழிந்த பகுதி) சில நானோமீட்டர்தான். ஆக, மடக்கை விதி ஐந்தரைப் பதின்மங்களுக்கு (பத்து மடங்குப் படிகளுக்கு) மேல் செல்லுபடியாகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏன் நேரடியாகக் காந்தமாக்கத்தை அளக்கவில்லை

புதிதாக வருகிறவர்கள் உடனே கேட்பது இது. ஆய்வகத்தில் ஸ்க்விட் காந்தமானி இருக்கிறது, படலத்தை உள்ளே வைத்து நிலைமாற்றத்துக்கு மேலே டயாகாந்தம் வருகிறதா என்று பார்த்தால் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8 மி.மீ. விட்டமும் 3 நா.மீ. தடிமனும் உள்ள படலம், அதன் அடியில் அரை மில்லிமீட்டர் மக்னீசியம் ஆக்சைடு அடித்தளம். அடித்தளத்தின் கனஅளவு படலத்தைப்போல ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல். ஒத்திசைவு நீளம் (ஓர் எலக்ட்ரான் இணையின் பரப்பளவு போன்ற நீளம், சுழல் கருவின் அளவும் அதுதான்) 5 நா.மீ., வெப்பநிலை 10 கெல்வின் அளவில், நிலைமாற்றத்துக்கு ஒரு சதவீதம் மேலே என்று எடுத்துக்கொண்டு இரு பரிமாணச் சூத்திரத்தில் போட்டால், மொத்தப் படலத்தின் ஏற்ற இறக்க டயாகாந்தம் அடித்தளத்தின் சாதாரண டயாகாந்தத்தில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வருகிறது. 100 ஓர்ஸ்டெட் புலம் கொடுத்தாலும் இந்தச் சமிக்ஞை வணிகக் காந்தமானிகளின் உணர்திறனுக்குச் சில நூறு மடங்கு கீழே கிடக்கும். போதாததற்கு மக்னீசியம் ஆக்சைடில் இரும்பு போன்ற கலப்படங்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும், அவை தாழ்வெப்பத்தில் வெப்பநிலைக்குத் தலைகீழாக ஏறும் பாராகாந்தப் பின்னணியைத் தரும். அந்தப் பின்னணியைக் கழித்த பிறகு மிஞ்சும் சிறு வளைவை ஏற்ற இறக்கம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நிலைமாற்றத்துக்குக் கீழேயும் சிக்கல்தான். புலம் படலத்துக்குச் செங்குத்தாக இருந்தால் விளிம்பில் புலக்கோடுகள் நெரியும், அதனால் மிகச் சிறிய புலத்திலேயே சுழல்கள் உள்ளே நுழைந்துவிடும். பல காந்தமானிகள் மாதிரியைச் சில சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்த்தித்தான் அளக்கின்றன. அந்தப் பாதை நெடுக புலம் துல்லியமாக ஒன்றாக இல்லாவிட்டால் ஒவ்வொரு நகர்விலும் படலம் ஒரு சிறு காந்தச் சுழற்சிக்கு ஆளாகிறது. மீக்கடத்திக் காந்தத்தில் முந்தைய அளவீட்டிலிருந்து மிச்சப்புலம் தங்கியிருந்தால் பூச்சியப் புலம் என்று திரையில் காட்டும் இடத்தில் பூச்சியம் இருக்காது. மெல்லிய படலத்துக்கு இந்த வழி சரிப்படாது.

இரண்டு சுருள் முறை

அதனால் அவர்கள் எடுத்தது பரஸ்பரத் தூண்டல் முறை. 1980-இல் பெல் ஆய்வகத்தில் ஹெபார்டும் ஃபையரியும் அலுமினியப் படலங்களில் பெரெசின்ஸ்கி–கோஸ்டர்லிட்ஸ்–தௌலஸ் நிலைமாற்றத்தைத் தேடியது இதே குடும்பத்து முறையில்தான். படலத்துக்கு மேலே ஒரு முதன்மைச் சுருள், கீழே ஒரு துணைச் சுருள். மேல் சுருளில் கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சிறிய மாறுமின்னோட்டம் விட்டு, கீழ்ச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை லாக்-இன் பெருக்கியில் (அந்த ஒரே அதிர்வெண்ணின் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) படிக்கிறோம். படலத்தில் எழும் திரையிடும் மின்னோட்டம் நடுவில் நின்று புலத்தை மறைக்கிறது. விறைப்பு அதிகமானால் கீழே வரும் சமிக்ஞை குறையும். அடித்தளம் காந்தரீதியாக என்னவாக இருந்தாலும் இங்கே கவலையில்லை, ஏனென்றால் அது புலத்தைத் திரையிடுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் விளிம்பு. புலம் படலத்தைச் சுற்றிக்கொண்டு கீழே போய்விட்டால் திரையிடல் பலவீனமாக இருப்பதுபோல் தோன்றும், ஊடுருவல் ஆழம் உண்மையில் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். மும்பைக் குழு முதன்மைச் சுருளைப் பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் சுற்றி, நாற்துருவச் சுருளாகச் செய்தது. அப்படிச் செய்தால் புலம் நடுவில் குவிந்து தூரம் போகப் போக வேகமாகத் தேயும், விளிம்பில் கசிவு வெகுவாகக் குறையும். அப்புறம், படலம் எல்லையற்றது என்று பாவிக்காமல் அதன் உண்மையான வட்ட அளவுக்கே மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணினியில் எண்வழியாகத் தீர்த்து, எந்த ஊடுருவல் ஆழத்துக்கு எந்தச் சமிக்ஞை வரும் என்று அட்டவணை போட்டு, அளந்த எண்ணை அதோடு ஒப்பிட்டார்கள். சமிக்ஞையில் இரண்டு பகுதிகள் கிடைக்கும். ஒன்று விறைப்பைச் சொல்லும், மற்றொன்று ஆற்றல் இழப்பை. இழப்புப் பகுதி நிலைமாற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சிகரமாக எழும். அந்தச் சிகரத்தின் அகலத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன், படலம் எவ்வளவு சீரானது என்று அதுவே பாதி சொல்லிவிடும்.

படலங்கள் மக்னீசியம் ஆக்சைடின் மேல் நைட்ரஜன் கலந்த ஆர்கானில் ஸ்பட்டரிங் (அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துப் படியவைப்பது) செய்து வளர்த்த, அடுக்கொழுங்கு உள்ள நியோபியம் நைட்ரைடு. பருமனான படலத்துக்கு நிலைமாறு வெப்பநிலை 16 கெல்வின் அளவு. 3 நா.மீ. தடிமனுக்கு இறங்கினால் அது 8 கெல்வினை ஒட்டி வந்துவிடும். நடுவில் பல தடிமன்கள், எல்லாம் ஒரே முறையில் வளர்த்தவை, ஒரே கருவியில் அளந்தவை.

வளைவு சொன்னது

தடித்த படலத்தில் விறைப்பு, மரபான மீக்கடத்தலை விளக்கும் பார்டீன்–கூப்பர்–ஷ்ரீஃபர் கோட்பாடு சொல்லும் வளைவின் மேலேயே நடந்து பூச்சியத்தை அடைகிறது. மெல்லிய படலத்திலும் தாழ்வெப்பத்தில் அப்படித்தான் போகிறது, ஆனால் நிலைமாற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வளைவை விட்டுவிட்டு மளமளவென்று விழுகிறது. தடிமன் குறையக் குறைய இந்த விலகல் தெளிவாகிறது.

இந்த ஆய்வில் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது இந்தத் தடிமன் வரிசைதான். வெப்பநிலைமானி தவறாக இருந்திருந்தால், சுருளின் புலம் பெரிதாக இருந்திருந்தால், தடித்த படலமும் அதே மாதிரி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. கருவியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எண்களை வைத்துப் பார்த்தாலும் கதை பொருந்துகிறது. 3 நா.மீ. படலத்தில் தாழ்வெப்ப ஊடுருவல் ஆழம் அரை மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல். பெர்ல் நீளம் அங்கே ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்குள் அடங்கும். குதி நடக்கும் இடத்தில் அது 2.5 மி.மீ. ஆக வேண்டும் என்று மேலே பார்த்தோம். அதாவது விறைப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் சுழல்கள் ஆட்டத்துக்கு வருகின்றன. அதனால்தான் முழு விளையாட்டும் நிலைமாற்றத்துக்கு அருகில் அரை கெல்வின் சுற்றளவுக்குள் நடந்து முடிகிறது. 1 கெல்வின் இடைவெளியில் புள்ளி எடுத்திருந்தால் எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

இங்கே ஒரு நெருடல். பொதுக் கோட்டை (வெப்பநிலையின் 2/பை மடங்கு) வரைந்து பார்த்தால், பார்டீன்–கூப்பர்–ஷ்ரீஃபர் வளைவு அந்தக் கோட்டைத் தொடும் இடத்தில்தான் விழ வேண்டும் என்று தோன்றும். தரவோ அதற்கு முன்பே கீழே திரும்பிவிடுகிறது. முந்தைய தலைமுறை இதைச் "சீரின்மை" என்று ஒதுக்கியிருக்கும். பென்ஃபாட்டோ கேட்ட கேள்வி வேறு: ஒரு சுழலின் கருவை உருவாக்க எவ்வளவு ஆற்றல் ஆகிறது? பாடப்புத்தகக் கோட்பாடு எளிய எக்ஸ்-ஒய் மாதிரியிலிருந்து (ஒவ்வொரு புள்ளியிலும் தளத்தில் சுழலும் ஓர் அம்பை மட்டும் வைத்துப் பார்ப்பது) வருகிறது. அங்கே கரு ஆற்றல் விறைப்பைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, அதனால் நிலைமாற்றம் வரைக்கும் சுழல் இணைகள் அரிது. உண்மையான மீக்கடத்தியில் கரு என்பது மீக்கடத்தல் இல்லாமல் போன ஒரு சிறு வட்டம், அதன் விலை அந்த வட்டத்தில் இழந்த ஒடுக்க ஆற்றல்தான் (மீக்கடத்தியாவதால் மிச்சமாகும் ஆற்றல்). அது விறைப்பின் அளவிலேயே இருக்கிறது, ஐந்து மடங்கெல்லாம் இல்லை. கரு மலிவாக இருந்தால் கட்டுண்ட இணைகள் நிலைமாற்றத்துக்கு முன்பே ஏராளமாகப் பிறக்கும். அவை விறைப்பைத் தேய்க்கும், வளைவு முன்கூட்டியே பொதுக் கோட்டைத் தொடும். தரவுக்குப் பொருத்திப் பார்த்தபோது கரு ஆற்றல் எக்ஸ்-ஒய் மதிப்பைவிட வெகுவாகச் சிறிதாக வந்தது, படலம் மெலிந்து ஒழுங்கின்மை கூடும்போது விறைப்போடு ஒப்பிட்ட அதன் விகிதம் ஏறியது.

சரி, ஒரு எண்ணைச் சுதந்திரமாக விட்டால் எந்த வளைவையும் பொருத்தலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் மின்தடையில் இருக்கிறது. நிலைமாற்றத்துக்கு மேலே தனிச் சுழல்கள் சுதந்திரமாக அலைவதால் மின்தடை எப்படி ஏறும் என்பதற்கு ஹால்பெரினும் நெல்சனும் 1979-இல் ஒரு வடிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு குணகம் உண்டு. பல ஆய்வுகளில் அந்தக் குணகத்தை இஷ்டத்துக்கு மாற்றி, நிலைமாற்றத்துக்கு மேலே கெல்வின் கணக்கில் நீளும் வாலை எல்லாம் சுழல்களின் வேலை என்று எழுதியிருக்கிறார்கள். பென்ஃபாட்டோ, காஸ்டெல்லானி, ஜியாமார்கி மூவரும் 2009-இலேயே அந்தக் குணகம் சுதந்திரமானது அல்ல என்று காட்டினார்கள். கரு ஆற்றலும், சுழல் இணைகள் அறும் வெப்பநிலைக்கும் சராசரிப்புல நிலைமாற்றத்துக்கும் (ஏற்ற இறக்கமே இல்லை என்று வைத்துக்கொண்டால் வரும் நிலைமாற்றம்) உள்ள இடைவெளியும் சேர்ந்து அதைத் தீர்மானித்துவிடுகின்றன. இடைவெளி சிறிதென்றால் சுழல்கள் ஆளும் பகுதியும் சிறிது, அதற்கு மேலே இருப்பது சாதாரண வீச்சு ஏற்ற இறக்கம். மும்பைப் படலங்களில், நிலைமாற்றத்துக்குக் கீழே காந்த அளவீட்டிலிருந்து எடுத்த கரு ஆற்றலே மேலே மின்தடை வளைவையும் விளக்கியது. ஒரே எண், கீழே ஒரு கருவி, மேலே இன்னொரு கருவி. ஏற்ற இறக்கம் என்று சொல்வதற்கு இந்த அளவுக்கு ஆதாரம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மின்தடை வளைவை மட்டும் வைத்துக்கொண்டு நிலைமாற்றத்தின் பெயரைச் சொல்லும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

மழுங்கல் முழுக்க மறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செங்குத்தான குதிக்குப் பதில் அவர்களுடைய தரவில் இருப்பது வேகமான சரிவு. விறைப்பு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டால்தான் பொருத்தம் சரியாகிறது. அளக்கும் அதிர்வெண்ணும் படலத்தின் அளவும்கூட குதியை உருட்டிவிடும், ஏனென்றால் ஒரு அலைச்சுற்றுக்குள் சுழல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அந்தத் தூரத்துக்குள் நடப்பதைத்தான் கருவி பார்க்கிறது.

தடித்த, ஆனால் ஒழுங்கில்லாத படலம்

இதே குழு அதே ஆண்டு இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது. படலத்தைத் தடிமனாகவே, அதாவது முப்பரிமாணமாகவே வைத்துக்கொண்டு, வளர்க்கும் நிபந்தனைகளை மாற்றி ஒழுங்கின்மையை ஏற்றினார்கள். நிலைமாறு வெப்பநிலை 16 கெல்வினிலிருந்து 2 கெல்வினுக்கும் கீழே இறங்கியது. ஒழுங்கின்மை உச்சத்துக்குப் பக்கத்தில் விறைப்பு தாழ்வெப்பத்திலேயே மிகவும் குன்றி, வெப்பநிலையோடு நேர்கோடாகக் குறைய ஆரம்பித்தது. சுரங்கநுழைவு நுண்ணோக்கியில் பார்த்தால் எலக்ட்ரான் ஆற்றல் இடைவெளி (இணைகள் இருப்பதற்கான அடையாளம்) நிலைமாற்றத்துக்கு வெகு மேலேயும் மூடாமல் இருந்தது. மின்தடை திரும்பிவிட்டது, இணைகள் கலையவில்லை. உயர்வெப்பக் குப்ரேட்டுகளில் (செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளில்) பல ஆண்டுகளாக வாதிட்டுக்கொண்டிருந்த போலி இடைவெளி, அதாவது மீக்கடத்தல் போன பிறகும் மிஞ்சும் இடைவெளி, நியோபியம் நைட்ரைடு மாதிரி ஒரு மரபான மீக்கடத்தியில் வந்து நின்றது பெரிய செய்தி. இதைக் கட்டத்தின் ஏற்ற இறக்கம் என்று சொல்ல, இடைவெளி அளவீடு மட்டும் போதாது, காந்தச் சுருளில் வந்த விறைப்பு எண்ணும் தேவைப்பட்டது. 2013-இல் நுண்ணலை அதிர்வெண்ணில் அளந்தபோது, நிலைமாற்றத்துக்கு மேலேயும் விறைப்பு பூச்சியமாகாமல் தெரிந்தது. மெதுவாகப் பார்த்தால் இல்லாதது, வேகமாகப் பார்த்தால் இருக்கிறது. கிலோஹெர்ட்ஸ் சுருளில் பூச்சியம் என்று வந்ததை "இணைகளே இல்லை" என்று படித்துவிடக் கூடாது என்பதற்கு அதுவே சான்று.

இந்த முறையைத் தங்கள் ஆய்வகத்தில் செய்யப் போகிறவர்கள் சிலவற்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். முதன்மைச் சுருளின் மின்னோட்டத்தைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் வளைவை மறுபடி எடுங்கள், நிலைமாற்றத்துக்குப் பக்கத்தில் வளைவு நகர்ந்தால் புலமே சுழல்களைப் பிய்க்கிறது என்று அர்த்தம். வெப்பநிலையை ஏற்றியும் இறக்கியும் எடுங்கள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். கசிவு எவ்வளவு என்று அறியத் தடித்த ஈயத் தகடு ஒன்றை அதே விட்டத்தில் வெட்டி வைத்து அளந்துவிடுங்கள். வெளிப்புலத்தைத் தடுக்காமல் குளிர்வித்தால் பூமியின் காந்தப்புலமே படலத்தில் ஏராளமான சுழல்களை விதைத்துவிடும், அதன் பிறகு வெப்பச் சுழல்களைத் தேடுவதில் பொருளில்லை.

குதி உண்மையில் எவ்வளவு கூர்மையாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு 2023-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கிலிருந்து பதில் வந்தது. கிறிஸ்டோஃப் ஸ்ட்ரங்கின் குழு மிக மெல்லிய, மிகவும் ஒழுங்கற்ற நியோபியம் நைட்ரைடு படலங்களின் இயக்கத் தூண்டலை (இணைகளின் நிலைமத்தால் வரும் தூண்டல், விறைப்புக்குத் தலைகீழ்) அளந்து, விறைப்பு கூர்மையாகவே விழுவதைக் காட்டியது. மின்தடையும் மின்னோட்ட–மின்னழுத்த வளைவுகளும் அதே வெப்பநிலையைக் காட்டின. ஒழுங்கின்மை அணு அளவில் எவ்வளவு இருந்தாலும், பெரிய நீளங்களில் படலம் சீராக இருந்தால் குதி பிழைத்துக்கொள்கிறது. மும்பைப் படலங்களில் தெரிந்த சரிவின் அகலம் இந்த நிலைமாற்றத்தோடு கூடவே பிறந்தது அல்ல என்று இப்போது சொல்ல முடிகிறது. அடுத்து, அதே படலத்தை இரண்டு சுருளிலும் நுண்ணலையிலும் வைத்து, கிலோஹெர்ட்ஸ் முதல் கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே கரு ஆற்றல் எண் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.